அப்டேட் முடிந்ததும் ஃபைல்களைக் காணோமா? தேடி எடுக்க முழு வழி

போன ஐப்பசியில் ஒரு நாள், காலை ஏழு மணி இருக்கும். கும்பகோணத்தில் என் டிடிபி கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், போன் அடித்தது. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் பார்க்கிற தம்பி.

“அண்ணே, எல்லாம் போயிடுச்சுண்ணே. ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடிக்கிட்டிருந்துச்சு, நடுவுல கரண்ட் போயி வந்துச்சு. காலையில பாத்தா டெஸ்க்டாப்புல குப்பைத்தொட்டி மட்டும் கெடக்கு. வால்பேப்பர்கூட மாறிடுச்சுண்ணே.”

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஊர்க்காரர்கள் 40 பேரின் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் என்று ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு ஃபோல்டராக டெஸ்க்டாப்பிலேயே அடுக்கி வைத்திருந்தான். அவன் குரல் நடுங்கியதில் ஆச்சரியமில்லை.

அவனிடம் இரண்டு கேள்வி கேட்டேன். “இப்ப வரைக்கும் என்னென்ன செஞ்ச?” அப்புறம், “சி டிரைவ்ல எவ்வளவு எடம் மிச்சம்னு காட்டுது?” முதல் கேள்விக்கு வந்த பதில்தான் என்னைப் பதற வைத்தது. ஏதோ ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்துகொண்டிருந்தான். “நிறுத்து, கையை எடு” என்றேன்.

பதினைந்து வருடமாக இந்த மாதிரி கேஸ்களைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போகிற ஃபைல்களில் முக்கால்வாசி அழிவதே இல்லை. அவை கிடக்கிற இடத்திலேயே கிடக்கும், நாம்தான் வேறு வாசல் வழியாக உள்ளே போய் வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். நிஜமான சேதாரம், பயந்துபோய் அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்கிற வேலைகளில்தான் நடக்கிறது. அதனால் கீழே இருக்கிற வரிசையை மாற்றாமல் போங்கள்.

படி 1: ஒன்றும் செய்யாதீர்கள்

சொல்ல எளிது, செய்வதுதான் கஷ்டம். ஏன் என்று தெரிந்தால் கை கொஞ்சம் அடங்கும்.

ஒரு ஃபைல் அழியும்போது அதன் உள்ளடக்கத்தைக் கம்ப்யூட்டர் உடனே துடைத்துப் போடுவதில்லை. அந்த இடம் காலி என்று கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளும். அடுத்து ஏதாவது சேமித்தாலோ, புது சாஃப்ட்வேர் போட்டாலோ அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இப்படியாவது கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்குப் பதில் இப்போது வருகிற எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் டிரிம் என்று ஒரு வசதி உண்டு. அழிந்த ஃபைலின் இடத்தை அது தானாகவே சுத்தம் செய்துவிடும். அதனால் எஸ்எஸ்டியில் நிஜமாகவே அழிந்துவிட்டால் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். காணோம் என்று தேடுகிற அதே டிரைவிலேயே ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்குவது, தொலைந்த மோதிரத்தைத் தேடுகிறேன் என்று வயலில் டிராக்டர் விட்டு உழுவது மாதிரி.

டிஸ்க் கிளீனப் ஓட்டாதீர்கள். மறுபடி ஓஎஸ், அதாவது விண்டோஸை, போடாதீர்கள். “பார்மட் செய்யட்டுமா?” என்று எந்தப் பெட்டி கேட்டாலும் வேண்டாம் என்று மூடுங்கள். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரை மாட்டுங்கள், டெஸ்க்டாப்பாக இருந்தால் யுபிஎஸ் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துக் கரண்ட்டை நம்பி ஃபைல் வேலை எதையும் தொடங்கக் கூடாது.

ரீஸ்டார்ட் செய்யலாமா? செய்யலாம், ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே நுழைந்ததும் “உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை” என்கிற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தால், நீங்கள் தற்காலிகக் கணக்கில் நிற்கிறீர்கள். அங்கே சேமிப்பதெல்லாம் வெளியே வந்ததும் போய்விடும். பதற்றத்தில் ஏதாவது டைப் அடித்து வைத்திருந்தால் முதலில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தால் சில சமயம் பழைய டெஸ்க்டாப் தானே திரும்பி வந்துவிடும்.

படி 2: இடத்தை அளந்து பாருங்கள்

ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து ‘திஸ் பிசி’க்குப் போங்கள். சி டிரைவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸ் மட்டும் இருந்தால் சுமார் 30, 40 ஜிபிதான் பிடிக்கும். உங்கள் டிரைவில் 180 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டினால், மிச்சம் 140 ஜிபி யாருடையது? உங்களுடையதுதான். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம் தம்பி சொன்னது: “256 ஜிபிண்ணே, முப்பதுதான் மிச்சம்னு காட்டுது.” எனக்கு அப்போதே மூச்சு வந்துவிட்டது. அவனுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் இங்கேயே பார்த்துவிடுங்கள். டி டிரைவே காணோமா? சில சமயம் அப்டேட் முடிந்ததும் ஒரு டிரைவுக்கு இருந்த எழுத்து கழன்றுவிடும். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ திறந்தால், அங்கே அந்தப் பகுதி பெயரில்லாமல் நிற்கும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ என்பதில் பழைய எழுத்தைக் கொடுத்தால் மொத்தமும் திரும்ப வரும். அந்தத் திரை திறந்ததும் ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். அதற்குச் சரி சொல்லிவிட்டு என் கடைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: யூசர்ஸ் ஃபோல்டரில் எத்தனை பேர்?

சி டிரைவுக்குள் ‘யூசர்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அதற்குள் ஒரு அறை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே அந்த அறைக்குள் இருப்பவை. திரையில் நாம் பார்க்கிற டெஸ்க்டாப், உண்மையில் அந்த அறைக்குள் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர்தான். இது பலருக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அப்டேட் நடக்கும்போது உங்கள் அறையின் கதவு சரியாகத் திறக்காவிட்டால், விண்டோஸ் ஒரு புது அறையைக் கட்டி அதில் உங்களை உட்கார வைத்துவிடும். புது வால்பேப்பர், காலி டெஸ்க்டாப், குப்பைத்தொட்டி மட்டும். பழைய அறை பக்கத்திலேயே நிற்கும், இரண்டில் ஒன்றின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

2020 பிப்ரவரியில் இது உலகம் முழுக்க நடந்தது. அந்த மாதம் 11ஆம் தேதி விண்டோஸ் 10இன் 1903, 1909 பதிப்புகளுக்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டைப் போட்ட பலருக்கு டெஸ்க்டாப் காலியாகவும் ஸ்டார்ட் மெனு புதிது போலவும் தெரிந்தன. யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அவர்களுடைய பழைய ஃபோல்டர், பெயரின் முடிவில் புள்ளி போட்டு 000 என்றோ பேக் என்றோ ஒட்டிக்கொண்டு, முழுசாக அங்கேயே இருந்தது. அவர்களுக்கு எதுவும் அழியவில்லை.

சரி, அந்த ஃபோல்டர் கிடைத்தால் என்ன செய்வது? இரட்டை கிளிக் செய்யுங்கள். அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும், ‘கன்டினியூ’ கொடுங்கள். உள்ளே டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் பொருளெல்லாம் கண்ணில் பட்டதும் கட் செய்து இங்கே கொண்டுவந்து ஒட்டத் தோன்றும். வேண்டாம், காப்பி மட்டும் செய்யுங்கள். அதையும் அதே டிரைவில் வேண்டாம், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ போடுங்கள். கட் செய்து பாதி போகும்போது கரண்ட் போனால் எது எங்கே நிற்கிறது என்று பிரிப்பதற்கே ஒரு நாள் ஆகும்.

காப்பி பத்திரமாகக் கையில் வந்த பிறகு பழைய கணக்கையே உயிர்ப்பிக்கலாமா என்று யோசிக்கலாம். விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல் லிஸ்ட் என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஒரே எண்ணில் இரண்டு பதிவுகள் இருக்கும், ஒன்றின் வாலில் பேக் என்று நிற்கும். இரண்டின் பெயரையும் மாற்றி வைத்தால் பழைய அறைக்கே போய்விடலாம். இணையத்தில் இதை ஏதோ மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். என் கருத்து வேறு. வாலைத் தப்பான பதிவில் மாற்றினால் உள்ளேயே நுழைய முடியாமல் போகும். புதிதாக ஒரு கணக்கு திறந்து ஃபைல்களை அங்கே ஏற்றிக்கொள்வதுதான் நான் எப்போதும் செய்வது. வால்பேப்பரும் பிரின்டர் செட்டிங்கும் திரும்ப வைக்க ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

அரிசி ஆலை, உரக்கடைக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேலிபிரைம் தன் டேட்டாவை வழக்கமாக யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ‘பப்ளிக்’ என்ற ஃபோல்டரில் வைக்கும். உங்கள் பெயர் போட்ட ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தால் கணக்குப் புத்தகம் அங்கேயே தங்கிவிடும். பப்ளிக்கையும் சேர்த்து எடுங்கள்.

படி 4: ஒன்டிரைவ் எடுத்துப் போயிருக்கிறதா?

இப்போதெல்லாம் என் கடைக்கு வருகிற “ஃபைலைக் காணோம்” கேஸ்களில் அதிகம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்டிரைவ் என்பது ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கிற மைக்ரோசாஃப்ட்டின் வசதி, விண்டோஸோடு கூடவே வருகிறது. அதில் ஃபோல்டர் பேக்கப் என்ற வசதி இயங்க ஆரம்பித்தால், உங்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் இருந்த இடத்தை விட்டு ‘ஒன்டிரைவ்’ என்ற ஃபோல்டருக்குள் குடிபோய்விடும். பேக்கப் என்ற பெயரைப் பார்த்து ஒரு நகல்தான் போகிறது என்று நினைப்போம். நகல் இல்லை, ஃபைலே இடம் மாறுகிறது. பெரிய அப்டேட் முடிந்ததும் வரிசையாக வருகிற ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ திரைகளில் ஒன்றில் நாமே இதற்குத் தலையாட்டியிருப்போம். 2024இலிருந்து விண்டோஸ் 11ஐப் புதிதாக அமைக்கும்போது கேட்காமலேயேகூட இது இயங்கத் தொடங்கியது.

உங்களுக்கு நடந்தது இதுதானா என்று கண்டுபிடிப்பது எளிது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து மேலே முகவரிப் பட்டையில் கிளிக் செய்யுங்கள். பாதையின் நடுவில் ஒன்டிரைவ் என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. ஃபைல்களின் பக்கத்தில் சின்னக் குறிகளும் தெரியும். பச்சை டிக் இருந்தால் ஃபைல் உங்கள் மெஷினில் இருக்கிறது. நீல மேகம் இருந்தால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது. டாங்கிள் ரீசார்ஜ் முடிந்துபோன நாளில் மேகக்குறி ஃபைலைத் திறக்கப் பார்த்தால் திறக்காது. ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அழித்தவர்களும் உண்டு.

இதில் மூன்று இடத்தில் மக்கள் வழுக்குகிறார்கள்.

முதலாவது, இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண ஆல்பம் ஒன்றே அதைத் தின்றுவிடும். நிரம்பியதும் சிங்க், அதாவது ஃபைல்கள் இணையத்துக்கு ஏறுவது, நின்றுபோகும். மேகச் சின்னத்தின் மேல் எச்சரிக்கைக் குறி வந்துகொண்டே இருக்கும், நாம் அதைப் பார்க்க மாட்டோம்.

இரண்டாவது, இடம் இல்லை என்று சொல்கிறதே என்று ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருப்பதை டிலீட் செய்வது. அங்கே அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். மெஷினில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத்தான் கொடுக்க வேண்டும். தப்பாக அழித்துவிட்டால், ஒன்டிரைவ் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து அங்கே இருக்கிற ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வைத்திருக்கும்.

மூன்றாவது, கோபத்தில் பேக்கப்பை நிறுத்துவது. நிறுத்தின உடனே டெஸ்க்டாப் காலியாகிவிடும்! பயப்பட வேண்டாம். இனிமேல் பழைய இடத்தைப் பார் என்று நீங்கள் சொன்னதால் அது பழைய, காலியான டெஸ்க்டாப் ஃபோல்டரைக் காட்டுகிறது. பொருள் இன்னும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கிற டெஸ்க்டாப் ஃபோல்டரில்தான் இருக்கிறது.

ஆக, சரியான வரிசை இது. முதலில் ஒன்டிரைவ் ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்து ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, அத்தனை குறியும் பச்சையாகிறவரை காத்திருங்கள். பிறகு டாஸ்க்பாரில் மேகச் சின்னத்தைத் தட்டி, செட்டிங்ஸ், ‘சிங்க் அண்ட் பேக்கப்’, ‘மேனேஜ் பேக்கப்’ என்று போய் பேக்கப்பை நிறுத்துங்கள். பிறகு ஃபைல்களைப் பழைய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸுக்குக் காப்பி செய்யுங்கள். எல்லாம் திறக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒன்டிரைவை என்ன செய்வது என்று முடிவெடுங்கள். நான் ஒன்டிரைவுக்கு எதிரி இல்லை. லேப்டாப் வெள்ளத்தில் போனாலும் ஃபைல் மிஞ்சுமே. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

படி 5: மறைத்து வைத்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள்

விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் மேலே வியூ, அதில் ஷோ, அதில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’. விண்டோஸ் 10இல் வியூ பட்டையிலேயே அந்த டிக் பெட்டி இருக்கும். டிக் செய்ததும் சில ஃபோல்டர்கள் மங்கலாகத் தோன்றும். உங்களுடையது அதில் இருந்தால் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஹிட்டன் என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள். முடிந்தது.

டெஸ்க்டாப்பில் மட்டும் எதுவும் தெரியவில்லை, மற்ற இடமெல்லாம் சரி என்றால் இதைவிட எளிது. காலி இடத்தில் ரைட் கிளிக், வியூ, ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’. இந்த ஒரு டிக்குக்காகத் திருவாரூரிலிருந்து பஸ் ஏறி வந்தார் ஒருவர். நான் காசு வாங்கவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார்.

பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது அப்டேட்டின் வேலை இல்லை, வைரஸ். பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைகளில் போட்டு எடுக்கிற பென்டிரைவில் இது சகஜம். அது ஃபோல்டரை ஹிட்டன் என்பதோடு சிஸ்டம் ஃபைல் என்றும் மாற்றிவிடுவதால் பிராப்பர்ட்டீஸில் டிக்கை எடுக்க விடாது. முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு கட்டளை அடிக்க வேண்டும். போனில் நான் இதை எழுத்து எழுத்தாகத்தான் சொல்வேன்: ஏ, டி, டி, ஆர், ஐ, பி (attrib) சேர்த்து அடி. ஒரு இடைவெளி விட்டு மைனஸ் எச். இடைவெளி, மைனஸ் எஸ். இடைவெளி, பென்டிரைவின் எழுத்து, ஒட்டியே கோலன், பேக்ஸ்லாஷ், நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். இடைவெளி, சாதா ஸ்லாஷ் எஸ். இடைவெளி, சாதா ஸ்லாஷ் டி (/d). எண்டர். பென்டிரைவின் எழுத்தை இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சி என்று அடித்துவிடாதீர்கள்.

படி 6: விண்டோஸ் ஓல்ட், பத்து நாள் கெடு

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி நம் பக்கத்தில் நிறைய பேர் 11க்கு மாறினார்கள், இன்னும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப் பதிப்பு மாறும்போது பழையது முழுவதும் சி டிரைவில் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் போகும். அதற்குள்ளும் ஒரு யூசர்ஸ் ஃபோல்டர் உண்டு, அதற்குள் உங்கள் பெயர் உண்டு. புதிய யூசர்ஸில் கிடைக்காதது அங்கே கிடைக்கலாம்.

கெடு பத்தே நாள். அதற்குப் பிறகு அந்த ஃபோல்டர் தானாக அழிக்கப்பட்டுவிடும். பழைய பதிப்புக்கே திரும்பிப் போகிற வசதிக்கும் அதே பத்து நாள்தான். இடையில் ஸ்டோரேஜ் செட்டிங்கில் ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ 20 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கிறது, அழிக்கட்டுமா என்று ஆசை காட்டும். எல்லா ஃபைலும் கைக்கு வந்தது உறுதியாகும்வரை அந்த டிக்கைத் தொடாதீர்கள்.

தேடும்போது ஒரு தமிழ்ச் சிக்கல்

அப்டேட் முடிந்த முதல் நாளில் ஸ்டார்ட் மெனுவில் ஃபைல் பெயரை அடித்துத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மனம் தளராதீர்கள். தேடல் அட்டவணையை அது மறுபடி கட்டிக்கொண்டிருக்கலாம். ‘திஸ் பிசி’யில் நின்று, பெயருக்குப் பதிலாக ஃபைல் வகையை வைத்துத் தேடுங்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் நட்சத்திரம், புள்ளி, சி, டி, ஆர் (*.cdr) என்று அடித்தால் அந்த மெஷினில் உள்ள கோரல்டிரா ஃபைல் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளலாம்.

யூனிகோட் வருவதற்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் தனி ரகம். அவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். அதனால் உள்ளடக்கத்தில் ‘நிகழும் மங்களகரமான’ என்று தேடினால் சிக்காது. புதிதாக ஓஎஸ் போட்டு அந்த எழுத்துரு போய்விட்டால், திறந்த ஃபைலில் ஏதோ ஆங்கிலக் கிறுக்கல் மாதிரி தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் ஓல்டில் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை எடுத்து மறுபடி போட்டால் கும்பாபிஷேக அழைப்பிதழ் பழையபடி சிரிக்கும்.

நிஜமாகவே அழிந்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு 2018 அக்டோபர் 2 அன்று வெளியானது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. டாக்குமெண்ட்ஸ் மாதிரியான ஃபோல்டர்களை டி டிரைவுக்கோ வேறு இடத்துக்கோ மாற்றி வைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் விட்டுப்போன ஃபைல்கள் மிச்சம் இருந்தன. இது தேவையில்லாத இரட்டை ஃபோல்டர் என்று எண்ணி அப்டேட் அதை உள்ளே இருந்ததோடு சேர்த்து அழித்தது. பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் கம்ப்யூட்டரை முடிந்தவரை பயன்படுத்த வேண்டாம் என்றுதான் மைக்ரோசாஃப்ட்டே சொன்னது, படி 1இல் நான் சொன்ன அதே காரணத்துக்காக. சரிசெய்து நவம்பர் 13இல் மறுபடி வெளியிட்டார்கள். அதற்கு மூன்றாம் நாள், 16ஆம் தேதி, கஜா நம் கரையில் ஏறியது. டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட்டே இல்லை. அப்டேட்டைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்!

அளந்து பார்த்ததில் நிரம்பிய இடம் நிஜமாகவே குறைந்திருந்தால் மெஷினை அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். “ஓஎஸ் போட்டுத் தர்றேன், எல்லாம் வந்துடும்” என்பவரிடம் போகாதீர்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்க்க 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போகும்முன் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த மேக் எல்லாம் கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டூடியோக்களில்தான். அதனால் சுருக்கமாக. 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து பயனர் ஃபோல்டரில் உள்ள லைப்ரரி மறைத்து வைக்கப்படுகிறது. ஃபைண்டரில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ‘கோ’ மெனுவைத் திறந்தால் தெரியும். 2014 மே மாதம் 10.9.3 பதிப்போடு ஐடியூன்ஸ் 11.2 போட்டவர்கள் சிலருக்கு யூசர்ஸ் ஃபோல்டரே கண்ணில் படாமல் போனது, 11.2.1 வந்து சரியானது. 2019இன் கேட்டலினா, இடம் மாற்ற முடியாத ஃபைல்களை ‘ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்’ என்று யூசர்ஸுக்குள் ஷேர்ட் ஃபோல்டரில் போட்டது. மறைந்தவற்றைக் காட்ட கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஐகிளவுட் செய்கிற வேலை ஒன்டிரைவ் கதைதான், படி 4ஐ அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.

போனில் வந்த சிட்டா எங்கே?

விவசாயிகளிடம் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது, எல்லாம் போன்தான். கொள்முதல் நிலையத்தில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் வந்த அடங்கலைக் காணோம் என்று தேடுவார்கள். ஆண்ட்ராய்டு 11இலிருந்து, அதாவது 2020க்குப் பிறகு, ஒரு ஆப்பின் ஃபைல்களை இன்னொரு ஆப் இஷ்டத்துக்குத் திறக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. வாட்ஸ்அப்பும் தன் ஃபோல்டரை இடம் மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் இன்டர்னல் ஸ்டோரேஜைத் திறந்ததும் வாட்ஸ்அப் என்று நேரே நிற்கும். இப்போது இன்டர்னல் ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மறுபடி மீடியா என்று உள்ளே உள்ளே போக வேண்டும். அங்கே ‘வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ்’ இருக்கும். நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பிய படங்கள் ‘சென்ட்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். கேலரியில் காட்டாதே என்று அதற்குள் ஒரு குறிப்பு ஃபைல் இருப்பதால் கேலரியில் வராது.

ஃபைல் வரவில்லை என்று வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுவதை மட்டும் செய்யாதீர்கள். பேக்கப் இல்லையென்றால் பேச்சு மொத்தமும் போய்விடும்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

போனை எடுத்து மூன்று படம் பிடித்துக்கொள்ளுங்கள்: டெஸ்க்டாப், யூசர்ஸ் ஃபோல்டரின் உள்ளே, ‘திஸ் பிசி’யில் டிரைவ்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்பது. அப்டேட் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. வேலைக்குரிய ஃபைல்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றி, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியபடியே இருந்தால் அது பேக்கப் இல்லை. காப்பீடு, கொள்முதல், முகூர்த்த மாதம் மாதிரி கை ஒழியாத நாட்களில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய் 35 நாள்வரை தள்ளி வைக்கலாம். நிரந்தரமாக நிறுத்துவது நல்லதில்லை, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற அப்டேட்டும் அதோடு நின்றுவிடும்.

நீடாமங்கலத்துத் தம்பியின் யூசர்ஸ் ஃபோல்டரில் அன்றைக்கு இரண்டு ஃபோல்டர் இருந்தன, இரண்டுக்கும் அவன் கடைப் பெயர், ஒன்றுக்கு மட்டும் வால். “தொறந்து டெஸ்க்டாப்பப் பாரு” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டர் பெயராகப் படிக்க ஆரம்பித்தான், 40 பேரையும். நான் ஷட்டரின் மீதிப் பாதியைத் தூக்கிவிட்டு, அவன் படித்து முடிக்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.